பெயரும் தொழிலும்: ஒருமுறை எழுதிப் பல இடத்தில் வாசிக்க
கணனியில் ஆட்பதிவும் குறிமொழியும் பற்றிய ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று எத்தனை படிவங்களை நிரப்புகின்றது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கிராம அலுவலருக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, உலர் உணவுக்கு ஒன்று, வீட்டுத் திட்டத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் பாடசாலைக்கு ஒன்று, வந்து போகும் தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று. 1990 இலும், 1995 இலும், 2009 இலும் ஊரை விட்டு வந்தவர்கள் இதனை நன்கறிவர். எல்லாப் படிவங்களிலும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், ஊர், தொழில், குடும்பத்தில் எத்தனை பேர். ஆயினும் ஒரு பட்டியலில் உள்ளது மற்றப் பட்டியலுக்குப் போய்ச் சேருவதில்லை. சேர்ந்தாலும் உருமாறிச் சேருகின்றது. ஒன்றிலே 'விவசாயி', இன்னொன்றிலே 'கூலி', மூன்றாவதிலே 'தொழில் இல்லை'. இருபது வருடம் தோட்டம் செய்த மனிதர், காணியை விட்டு வந்த நாளிலிருந்து தொழிலற்றவராகப் பதியப்படுகின்றார். அவர் கைக்குள் இருக்கும் தொழில் காணியோடு நின்றுவிடவில்லை என்பதை எழுத அந்தப் படிவத்திலே இடம் இருப்பதில்லை.

இதே சிக்கலை வேறு காரணத்துக்காக வேறு நாட்டார் எதிர்நோக்கினார்கள். அவர்கள் அகதிகளல்லர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆட்களை வேலைக்கு எடுப்போரும், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்போரும், சம்பளக் கணக்கு எழுதுவோருமாவர். அவர்கள் கண்ட வழி நமக்குப் பயன்படுமா, அதில் நாம் அஞ்சவேண்டியது என்ன என்பதையே இப்பாடத்தில் பார்க்கப் போகின்றோம். கணனியைத் தொட்டிராதவர்களும் இதனை விளங்கிக்கொள்ளலாம். வீட்டிலே உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அருகில் இருத்தி வாசிக்கச் செய்யுங்கள்.

முதலில் குறிமொழி என்றால் என்ன? நெல் மூட்டைகள் அடுக்கிய ஒரு களஞ்சியத்தை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாச் சாக்கும் ஒரே சாக்கு. எது விதைநெல், எது சோற்றுக்கு, எது மொட்டைக்கறுப்பன், எது ஆட்டக்காரி, எது சென்ற காலபோகத்தது என்று பார்த்த கண்ணுக்குத் தெரியாது. சொந்தக்காரர் நின்றால் சொல்லிவிடுவார். அவர் நில்லாத வேளையில் சொல்லுவதற்காகவே சாக்கின் வாயிலே ஒரு துண்டை எழுதிக் கட்டுகின்றோம். குறிமொழி என்பது எழுத்துக்குத் துண்டு கட்டுவதாகும். 'கந்தன்' என்று மட்டும் எழுதினால் மனிதர் அதனைப் பெயர் என்று அறிவர், கணனி அறியாது. அது ஆளின் பெயரா, தகப்பனின் பெயரா, ஊரா என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஆகவே சொல் தொடங்கும் இடத்தில் ஒரு துண்டும், முடியும் இடத்தில் சாய்கோடு இட்ட அதே துண்டும் வைக்கின்றோம். வேலன் மகன் கந்தன் என்று ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்:

<ஆள்>
<முழுப்பெயர்>வேலன் கந்தன்</முழுப்பெயர்>
<தந்தைபெயர்>வேலன்</தந்தைபெயர்>
<சொந்தப்பெயர்>கந்தன்</சொந்தப்பெயர்>
<பிறந்ததிகதி>1971-05-04</பிறந்ததிகதி>
<திறன்>
<திறன்பெயர்>சின்ன வெங்காயச் செய்கை</திறன்பெயர்>
<ஆண்டுகள்>20</ஆண்டுகள்>
</திறன்>
<திறன்>
<திறன்பெயர்>நீரிறைக்கும் இயந்திரம் திருத்துதல்</திறன்பெயர்>
<ஆண்டுகள்>8</ஆண்டுகள்>
</திறன்>
</ஆள்>

இது விளையாட்டுக்கு எழுதியதல்ல. எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் துண்டின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கணனி அதனை மறுப்பதில்லை. விதிகளும் சிலவே. திறந்த துண்டை மூடவேண்டும். உள்ளே திறந்ததை, வெளியே திறந்ததற்கு முன்னர் மூடவேண்டும். பெட்டிக்குள் பெட்டி வைப்பது போல. எல்லாவற்றையும் அடக்கும் வெளிப்பெட்டி ஒன்றே ஒன்று இருக்கவேண்டும். துண்டின் பெயருக்குள் இடைவெளி விடக்கூடாது, அதனை இலக்கத்தில் தொடங்கக்கூடாது. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் கணனி 'ஏதோ எழுதியிருக்கிறார்கள், விளங்கியதை எடுப்போம்' என்று போவதில்லை. பிழை என்று சொல்லி அவ்விடத்திலேயே நிறுத்திவிடும். கண்டிப்பான கணக்கப்பிள்ளை என்றே சொல்லவேண்டும்.

இதன் வரலாறு நீளமானது, சுருக்கிச் சொல்வோம். 1969 ஆம் ஆண்டளவில் ஐ.பீ.எம். கம்பனியில் மூவர் சேர்ந்து இத்தகைய துண்டு கட்டும் முறையொன்றை உருவாக்கினர். அது வளர்ந்து 1986 இல் சர்வதேச நியமமாயிற்று. அந்த நியமம் பெரியதும் சிக்கலானதுமாக இருந்தபடியால், அதனை எளிமையாக்கி 1998 பெப்ரவரியில் எக்ஸ்எம்எல் என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். எக்ஸ்எம்எல் எப்படித் துண்டு கட்டுவது என்று சொல்லுமேயன்றி, துண்டிலே என்ன எழுதுவது என்று சொல்லாது. நாம் 'பிறந்ததிகதி' என்று எழுத, பக்கத்து அலுவலகம் 'ஜனனதினம்' என்று எழுதினால் இரண்டும் சரியான எக்ஸ்எம்எல்தான். ஆனால் ஒன்றையொன்று அறியா. ஆகவே ஒரு துறையில் உள்ளவர்கள் கூடி, 'இன்ன விடயத்துக்கு இன்ன துண்டு' என்று உடன்படவேண்டும். ஆட்பதிவுத் துறையில் அவ்வாறு கூடியவர்கள்தான் 1999 இல் அமெரிக்காவில் அமைந்த எச்ஆர்-எக்ஸ்எம்எல் கூட்டமைப்பினர். இலாப நோக்கற்ற அமைப்பு அது. பின்னர் எச்ஆர் ஓப்பன் ஸ்ராண்டேர்ட்ஸ் என்று பெயர் மாறியது. எக்ஸ்எம்எல்லோடு நில்லாமல் ஜேசன் என்னும் இன்னொரு வடிவத்திலும் தன் நியமங்களை வெளியிடுகின்றது.

ஏன் கூடினார்கள்? கணக்குப் பார்த்தால் விளங்கும். பத்து அலுவலகங்கள் பத்து வகையாகப் பட்டியல் வைத்திருக்கின்றன என்போம். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் விபரம் கொடுத்து வாங்க வேண்டுமானால், ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் வேலை தொண்ணூறு விதமாகச் செய்யவேண்டும். பொதுவான ஒரு வடிவம் இருந்தால், தன்னுடையதைப் பொதுவுக்கு மாற்றவும் பொதுவிலிருந்து தன்னுடையதுக்கு மாற்றவும் இரண்டு வேலை, பத்து அலுவலகத்துக்கும் இருபது. அலுவலகம் கூடக்கூட இந்த வித்தியாசம் பெருகும். கம்பனிக்காரருக்கு இது பணம். நமக்கு இது வரிசையில் நிற்கும் நேரம்.

அவர்கள் வகுத்த நியமங்களில் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் விபரம், வெற்றிடம் பற்றிய விபரம், முன்னர் செய்த வேலை, படித்த படிப்பு, வேலை செய்த மணித்தியாலம் ஆகியன தனித்தனியே உண்டு. எல்லாவற்றையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. நம் மக்களைத் தொடும் மூன்றை மட்டும் எடுப்போம்.

முதலாவது பெயர். மேல்நாட்டுப் படிவங்களில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தகப்பனின் பெயர் முன்னுக்கு நிற்கும், பெண் மணமுடித்தால் கணவரின் பெயர் பின்னுக்கு வரும். ஆகவே ஒரு பட்டியலில் தகப்பன் பெயரால் பிள்ளையை அழைப்பார்கள். அடுத்ததிலே ஒரே வீட்டுத் தகப்பனும் மகனும் வேறு வேறு 'குடும்பம்' ஆகிவிடுவர். கூப்பன் வெட்டுப்படுவதற்கு இது ஒன்றே போதும். எச்ஆர்-எக்ஸ்எம்எல் நியமத்தில் பெயருக்கெனத் தனிப் பகுதி வகுத்தபோது, முதற்பெயர், குடும்பப்பெயர் என்பவற்றோடு 'எழுதியபடியே முழுப்பெயர்' என்ற துண்டும் சேர்க்கப்பட்டது. மேலே நாம் எழுதிய உதாரணத்தில் முழுப்பெயரை முதலில் வைத்தது அதனாலேயே. முழுப்பெயரை உடையவர் சொன்னபடி எழுதிவிட வேண்டும். பிரிப்பதென்றால் அதன் பிறகு பிரிக்கலாம்.

இரண்டாவது திகதி. 04-05-1971 என்றால் நமக்கு மே மாதம் 4 ஆம் திகதி. அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. இதனால் எக்ஸ்எம்எல் நியமங்களில் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கிலேயே 1971-05-04 என்று எழுதுவர். நம் நாட்டின் பழைய அடையாள அட்டை இலக்கத்திலும் பிறந்த நாள் ஒளிந்திருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். முதல் இரண்டு இலக்கம் வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். ஆகவே 1971 மே 4 இல் பிறந்த ஆணின் இலக்கம் 71125 என்றும், பெண்ணின் இலக்கம் 71625 என்றும் தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக முழுதாக வருகின்றது. இதிலே பாடம் ஒன்று உண்டு. அறிந்தவருக்கு இந்த இலக்கம் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடுகின்றது. அறியாதவருக்கு வெறும் எண். துண்டு கட்டாத சாக்கு இதுதான். துண்டு கட்டினால் எவரும் வாசிக்கலாம். அது நன்மையும்தான், ஆபத்தும்தான். ஆபத்தைப் பின்னால் சொல்லுவோம்.

மூன்றாவது திறன். எமக்கு இதுவே முக்கியமாகப் படுகின்றது. எச்ஆர்-எக்ஸ்எம்எல் கூட்டமைப்பினர் திறனைப் படிப்பிலிருந்தும் உத்தியோகத்திலிருந்தும் பிரித்துத் தனி நியமமாக வகுத்தார்கள். திறனின் பெயர், அதற்குள் அடங்கும் சிறு திறன்கள், அதற்கு ஆதாரம் என்று அது விரியும். ஆதாரம் என்பது சான்றிதழாக இருக்கலாம், செய்த வருடங்களாக இருக்கலாம், பார்த்தவர் சொல்லும் மதிப்பீடாகவும் இருக்கலாம். பரீட்சைச் சான்றிதழ் இல்லாதவனுக்குத் திறனே இல்லை என்ற எண்ணத்தை இந்த ஒழுங்கு உடைக்கின்றது. நம்மவர்களின் கைத்தொழில்களை எண்ணிப் பாருங்கள்: கிணறு வெட்டுதல், கல் உடைத்தல், லாண்ட்மாஸ்டர் ஓட்டுதல், மாட்டுக்குப் பேறு பார்த்தல், நாற்று மேடை போடுதல், பனங்கிழங்குப் பாத்தி போடுதல், வைக்கோற் போர் வேய்தல். இவை எல்லாம் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்து போகின்றன. வேலி அடைக்க ஆள் தேடும் நிறுவனத்துக்கும், குளக்கட்டுத் திருத்தும் திட்டத்துக்கும், முகாமிலே ஆள் இருப்பது தெரியாது, வெளியிலிருந்து கொண்டுவருவார்கள்.

தொழில்களுக்குப் பொதுப் பெயர் வைப்பதற்கும் உலக ஒழுங்கு ஒன்று உண்டு. சர்வதேச தொழில் ஸ்தாபனம் வகுத்து 2008 இல் புதுப்பித்த பட்டியலில் தொழில்கள் 10 பெரும் பிரிவுகளாகவும், அவற்றுக்குள் 436 சிறு பிரிவுகளாகவும் உள்ளன. தேர்ச்சி பெற்ற கமக்காரரும் மீனவரும் 6 ஆம் பெரும் பிரிவில் வருகின்றனர். பண்ணைக் கூலியாட்கள் 9 ஆம் பிரிவில். ஆகவே 'விவசாயி' என்று எழுதுவதா 'கூலி' என்று எழுதுவதா என்பது எழுதுபவரின் பேனை முனைச் சமாச்சாரம் அல்ல. எந்தப் பிரிவில் போய் விழுகின்றீர்கள் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. காணி இப்போது கையில் இல்லாவிட்டாலும், தோட்டம் செய்யத் தெரிந்தவர் அதைச் சொல்லவேண்டும், எழுதுவிக்க வேண்டும். இலங்கையில் தேசிய தொழிற் தகைமை என்ற ஏழு மட்டங்கள் கொண்ட ஒழுங்கும் உள்ளது. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவர்கள், தாம் கற்றதைச் செய்துகாட்டி அத்தகைமையைப் பெறவும் அதிலே வழி உண்டு. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். மோட்டார் திருத்தும், மேசன் வேலை செய்யும் இளைஞர்கள் பிரதேச செயலகத்தில் இதைப்பற்றி விசாரிப்பது நல்லது.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே துண்டுக்குள் இருக்கும் சொல் எந்த மொழியில் உள்ளது என்பதை எக்ஸ்எம்எல்லில் குறிக்கலாம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. ஆகவே ஒரே ஆளின் திறனைத் தமிழில் எழுதி, கீழே சிங்களத்திலும் வைக்கலாம், துண்டு மாறாது. ஐரோப்பாவில் 2005 இல் தொடங்கிய யூரோபாஸ் என்னும் தகைமைப் பத்திரத்தில் இதனைக் காணலாம். பல மொழிகளில் நிரப்பினாலும் கட்டங்கள் ஒன்றே. அதன் முந்தைய அமைப்பில், மனிதர் வாசிக்கும் கடதாசி வடிவத்துக்குள்ளேயே கணனி வாசிக்கும் எக்ஸ்எம்எல்லையும் மறைத்து வைத்துச் சேமிக்க முடிந்தது.

ஆனால் நம்மிடம் இதற்கு முன்னரே தீர்க்கவேண்டிய ஒரு தொல்லை உண்டு. அது பாமினி. எமது அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் தமிழ் தட்டியது பாமினி எழுத்துருவில்தான். பாமினியில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணனியின் வயிற்றுக்குள்ளே அது ஆங்கில எழுத்துக்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல் வரும். அப்படித் தட்டிய பெயர்ப்பட்டியலைத் தமிழ் அகர வரிசைப்படி அடுக்கவும் முடியாது, நம்பித் தேடவும் முடியாது. 1991 இல் வெளியான முதலாவது யூனிகோட்டிலேயே தமிழுக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. எக்ஸ்எம்எல் யூனிகோட்டின் மேல்தான் நிற்கின்றது. ஆகவே சங்கத்துக்கோ பாலர் பாடசாலைக்கோ பட்டியல் தட்டும் பிள்ளைகளுக்கு முதலாவது புத்திமதி: யூனிகோட்டில் தட்டுங்கள். பழைய பாமினிப் பட்டியல் இருந்தால் மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபாருங்கள்.

இனி, நம் நாட்டோடு நேரே தொடர்புள்ள ஒரு விடயம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிச் சுனாமியின் பின்னர், காணாமற்போனவர் பட்டியலும் முகாம் பட்டியலும் எங்கும் சிதறிக் கிடந்தன. அப்போது இலங்கைக் கணனித் துறையினர் தொண்டாகக் கூடி 'சகன' என்னும் மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்ற பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு ஆகியன அதில் இருந்தன. விலை கொடுத்து வாங்கவேண்டாதது, எவரும் திருத்தலாம். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின் போதும், 2006 இல் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அது பயன்பட்டது. இலங்கையில் துன்பத்திலிருந்து பிறந்து உலகுக்குப் போன பொருட்களுள் இதுவும் ஒன்று; நம் பாடப்புத்தகங்களில் இருக்கத் தகும்.

2005 ஓகஸ்ட் இறுதியில் அமெரிக்காவில் கத்ரினா சூறாவளி அடித்தபோது அங்கும் இதே கதை. ஒரே ஆளைத் தேடும் உறவினர் பல இடங்களில் பதிந்தார்கள். கண்டுபிடித்தவர் வேறொரு இடத்தில் பதிந்தார். அடுத்த மாதமே தொண்டர்கள் எக்ஸ்எம்எல் அடிப்படையில் ஆள் தேடுவதற்கான பொது வடிவம் ஒன்றை வகுத்தனர். அதிலுள்ள யோசனைகளில் இரண்டு நாம் எடுத்துக்கொள்ளத் தக்கன. ஒன்று, ஆள் பற்றிய பதிவு வேறு, அவரைப் பற்றிப் பிறர் தரும் செய்தி வேறு. 'உயிரோடு கண்டேன்' என்று ஒருவர் சொன்னால் பழைய பதிவை அழித்து எழுதுவதில்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு கீழே சேர்க்கப்படும். வதந்தி உண்மையை அழித்துவிடாமல் இருக்க இது உதவும். மற்றது, பதிவு காலாவதியாகும் திகதி. அந்தத் திகதி வந்ததும் பதிவை வைத்திருக்கும் அனைவரும் அதனை அழிக்கவேண்டும்.

இந்தக் கடைசி விடயத்திலே நாம் சற்று நிற்கவேண்டும். ஒருமுறை எழுதிப் பல இடத்தில் வாசிக்கலாம் என்றால், நாம் நினையாத இடத்திலும் வாசிக்கலாம் என்பதே பொருள். பட்டியல் என்றால் நம் மக்களுக்கு நடுக்கம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2021 ஜூன் மாதம் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், பங்களாதேசில் அடைக்கலம் புகுந்த ரோகிங்யா மக்களிடம் ஐ.நா. அகதிகள் முகவர் நிலையம் சேர்த்த விபரங்கள் பங்களாதேஷ் அரசுக்கும், அங்கிருந்து அவர்கள் தப்பியோடி வந்த மியன்மார் அரசுக்குமே போய்ச் சேர்ந்தன என்றும், மக்களின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்றும் கூறப்பட்டது. சம்மதம் கேட்டுத்தான் செய்தோம் என்று முகவர் நிலையம் பதில் சொன்னது. யார் சொன்னது எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்க, அட்டை தேவைப்பட்ட மனிதருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை முகாமில் இருந்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இருப்பதை அறிந்திருங்கள். ஆனால் சட்டத்துக்கு முன்னால் நிற்பது கேள்வி. உங்கள் விபரத்தை எழுதுபவரிடம் சிலவற்றைக் கேளுங்கள்: இது எதற்கு? வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? மேசன் வேலைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் சமயமும், அண்ணன் தம்பி எங்கே இருக்கின்றார்கள் என்பதும் எதற்கு? துண்டு கட்டும் ஒழுங்கின் ஒரு நன்மை, வேண்டிய துண்டை மட்டும் பிரித்துக் கொடுக்கலாம் என்பது. திறனைக் கேட்டவருக்குத் திறன், உணவு கொடுப்பவருக்குக் குடும்பத் தொகை. முழுச் சாக்கையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

கணனி இல்லாத கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ இதனை ஒரு சீ.ஆர். கொப்பியில் தொடங்கலாம். முதற்பக்கத்தில் துண்டுகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று ஒரு வரி எழுதுங்கள். முழுப்பெயர், உடையவர் சொன்னபடி. திகதி, வருடம் முதலில். திறன், ஒருவருக்கு எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றும் தனி வரியில், செய்த வருடத்தோடு. பெண்களின் திறனைப் பெண்களிடமே கேட்டு எழுதுங்கள். வீட்டுக்காரர் சொன்னால் 'வீட்டு வேலை' என்று முடித்துவிடுவார். திறனும் வருடமும் உள்ள பக்கம் வேறு கொப்பியில், அடையாள அட்டை இலக்கமும் விலாசமும் வேறு கொப்பியில் இருக்கட்டும். இரண்டையும் இணைக்க ஒரு தொடர் இலக்கம் போதும். வேலைக்கு ஆள் கேட்டு வருபவருக்கு முதற் கொப்பியைக் காட்டலாம். ஆளின் சம்மதம் கேட்டபின் இரண்டாவதைத் திறக்கலாம். பின்னர் எப்போதாவது கணனி வந்தால், இந்தத் தலைப்புகளே அப்படியே துண்டுகளாகும். தட்டும் பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேலை இராது. இரண்டாவது கொப்பியை யாருடைய வீட்டில் வைப்பது, யார் கையில் திறப்பு இருப்பது, எந்த வருடம் அதனை எரிப்பது என்பவற்றைச் சங்கக் கூட்டத்தில் பேசி அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பெயர் எழுதத் தொடங்குங்கள்.